தண்ணீர் வரும் கிழமை

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் நகராட்சிக்கு (பி.பி.எம்.சி.) இப்போது ஸ்ரீ விஜயபுரம் நகராட்சி மன்றம் என்று பெயர். 2024 செப்டம்பர் 13 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா ஊரின் பெயர் மாற்றத்தை அறிவித்ததிலிருந்து அப்படி. ஆனால் அபர்தீன் பஜாரில் நின்று வழி கேட்டால், "பி.பி.எம்.சி.தானே? மோகன்புரா போங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றுதான் பதில் வருகிறது. ஆட்டோக்காரரும் அப்படித்தான் சொன்னார், பழக்கடைக்காரரும் அப்படித்தான்.

கோடையில் போனது திட்டமிட்டுத்தான். மழைக் காலத்தில் இந்த ஊர் நகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்தால் அடைத்துக்கொண்ட சாக்கடை, சரிந்த தடுப்புச் சுவர் இரண்டைத் தவிர வேறு பேச்சு காதில் விழாது. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வந்தால்தான் அசல் விஷயம் தெரியும் என்று, இங்கே வெகுகாலமாகக் கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன அசல் விஷயம், தண்ணீர்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. இந்த ஊரில் அது நடுக்காலை. கடிகாரம் காட்டுவது இந்திய நேரம். ஊர் இருப்பதோ சென்னைக்குக் கிழக்கே கடலில் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. ஐந்தரைக்குள் சூரியன் வந்துவிடும். வராந்தாவில் அதற்குள் வரிசை நின்றிருந்தது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க வந்த ஒரு பெண், வியாபார லைசென்ஸைப் புதுப்பிக்க வந்த டீக்கடைக்காரர், வீட்டு பிளானைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி. விண்ணப்பம் ஆங்கிலத்தில். ஜன்னலுக்கு உள்ளிருந்து வரும் கேள்வி இந்தியில். வரிசையில் யார் முன்னால் என்ற தகராறு வங்காளியிலும் தெலுங்கிலும் தமிழிலும். எழுத்தர் அந்தப் பெண்ணிடம் இந்தியில் ஏதோ கேட்டார், அவர் விழிப்பதைப் பார்த்ததும், "ஆதார் ஜெராக்ஸ் இருக்காக்கா?" என்றார். அதுவரைக்கும் இருவரில் யாரும் தமிழர் என்று எனக்குத் தோன்றவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிகோபாரில் 3,80,581 பேர். தாய்மொழி வங்காளி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர், இந்தி பத்தொன்பது, தமிழ் பதினைந்து, தெலுங்கு பதின்மூன்று. மொத்த மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு நகரத்தில். தீவுக் கூட்டம் முழுவதற்கும் நகராட்சி என்று இருப்பதும் இது ஒன்றே.

பார்வையாளராக உட்கார அனுமதி கேட்டேன். கடைசியில், சுவரோரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. மேசையைச் சுற்றி கவுன்சிலர்கள். நகரத்தில் 24 வார்டு, ஆளுக்கொரு வார்டு. தலைமை இருக்கையில் சேர்பர்சன், பக்கத்தில் நகராட்சிச் செயலாளர். எதிர்ப் பக்கத்தில் இன்ஜினீயர்கள், சுகாதாரப் பிரிவு அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட டம்ளரில் தண்ணீர், ஒரு கட்டுக் காகிதம்.

முதல் பொருள் போன கூட்டத்தின் மினிட்ஸை உறுதி செய்வது. படித்து முடிப்பதற்குள்ளேயே நாலைந்து பேர் கையைத் தூக்கி முடித்துவிட்டார்கள். இரண்டாவது பொருள், அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுகள் என்ன ஆயின என்ற அறிக்கை. இங்கே வண்டி நின்றது. ஒரு கவுன்சிலர் விரலால் வரிசை எண்ணைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார்: இந்தப் படிக்கட்டு? இந்தக் கால்வாய் மூடி? இந்த இரண்டு விளக்கு? எஸ்டிமேட் போட்டாயிற்று, ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, டெண்டர் கேட்டோம், யாரும் வரவில்லை. சிமெண்டும் கம்பியும் கப்பலில் வந்தாக வேண்டிய ஊரில் யாரும் டெண்டருக்கு வராமல் போவது அதிசயமில்லை. மெயின்லேண்டில் போடும் ரேட்டைப் பார்த்து இங்கே எந்தக் காண்டிராக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பேச்சு முழுக்க இந்தியில் நடந்தது. ஆண்பால், பெண்பால் பற்றி அலட்டிக்கொள்ளாத அந்தமான் இந்தி. எனக்கே பாதிக்கு மேல் புரிந்தது. கோபம் வந்தால் மட்டும் அவரவர் மொழிக்குத் தாவினார்கள்.

மூன்றாவது பொருளுக்கு வந்தபோது, அதுவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கோடைக்கால நீர் வழங்கல்.

ஒரு பெண் கவுன்சிலர் எழுந்தார். அவர் வார்டு மலைச் சரிவில் இருக்கிறது. கீழ்த் தெருவில் குழாயைத் திறந்தால் மேல் தெருவுக்குக் காற்றுதான் வருகிறது என்றார். கீழே இருப்பவர்கள் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். ஒன்றேகால் மணி நேரம் திறக்க வேண்டிய வால்வை முக்கால் மணியில் மூடிவிடுகிறார்கள். அதுவும் விடிவதற்கு முன்னால். "மூணு நாளைக்கு ஒரு தடவை வர்ற தண்ணிக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க ராத்திரி பூரா காதைத் தீட்டிக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்து இன்ஜினீயர் எழுந்து, மொத்த வரத்து குறைந்திருக்கிறது, வருகிறதைத்தான் பிரிக்க முடியும் என்றார். பள்ளத்து வார்டுக்காரர் ஒருவர் எழுந்து, மோட்டார் போடுகிறவர்கள் எல்லா வார்டிலும் உண்டு, எங்கள் தெருவை மட்டும் சொல்லாதீர்கள் என்றார். இன்னொருவர் எழுந்து டாங்கர் லாரிப் பேச்சை எடுத்தார். எந்தத் தெருவுக்கு எத்தனை லாரி போனது என்ற புத்தகத்தை மேசையில் வைக்கச் சொன்னார். அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினார்கள். கட்சிக் கணக்கு அங்கே எடுபடவில்லை. மேட்டு வார்டுகள் ஒரு பக்கம், பள்ளத்து வார்டுகள் ஒரு பக்கம் என்று சபை பிரிந்து நின்றது. சட்டமன்றங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தப் பிரிவினை ரொம்பப் பிடித்திருந்தது.

இந்தத் தண்ணீரின் கதையைச் சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. சென்னைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. ஆனால் குறுகலான தீவு, நடுவில் மலைமுதுகு. விழுந்த நீர் சரிந்து ஓடிச் சில மணி நேரத்தில் கடலில் சேர்ந்துவிடும். ஆறு என்று சொல்ல வடக்கு அந்தமானில் கல்பொங் இருக்கிறது, அதில் 5.25 மெகாவாட் மின்நிலையம் ஒன்றும் உண்டு. தலைநகர் இருக்கும் தெற்கு அந்தமானில் அப்படி ஒன்று இல்லை. நல்லா என்று இங்கே சொல்லும் ஓடைகள்தான். அவற்றில் ஒன்றான தனிக்காரி ஓடையை மறித்து 1970-களில் கட்டிய அணைதான் நகரத்தின் தொட்டி. அன்றைய நகரம் வேறு. அகதிகளும் குடியேறிகளும் அரசு ஊழியர்களும் அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள், அவர்களுக்கு ஓட்டல்கள்.

அணையிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரித்து மொத்தமாக அனுப்புவது அந்தமான் பொதுப்பணித் துறை. ஏ.பி.டபிள்யூ.டி. என்பார்கள். அது யூனியன் பிரதேச நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வந்த நீரைத் தெருத்தெருவாகப் பிரிப்பது மட்டும் நகராட்சி. ஆக, அணையில் எவ்வளவு நிற்கிறது, அதில் எவ்வளவு திறப்பது என்பதில் இந்த 24 பேருக்கும் ஓட்டு இல்லை. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதில்தான் ஓட்டு. ஊர்க்காரர்களோ குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டுவது அணையை அல்ல, கவுன்சிலரை.

கடைசியில் எடுத்த முடிவைச் சொல்கிறேன். மழை பிடிக்கும் வரைக்கும் மேட்டுத் தெருக்களுக்குத் தனி முறை. கீழே வால்வை மூடி வைத்துவிட்டு மேலே திறப்பது. குழாய் ஏறாத சந்துகளுக்கு டாங்கர். டாங்கர் வந்து போனதற்குத் தெருக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்து. மோட்டார் போடுகிறவர்கள்மீது நடவடிக்கை. இந்தக் கடைசிப் பகுதியைப் படித்தபோது மேசையைச் சுற்றிலும் மெல்லிய சிரிப்பு ஓடியது. எந்தக் கவுன்சிலரும் தன் தெருவுக்குள் போய் மோட்டாரைக் கழற்றப் போவதில்லை.

டீக்கு விட்டார்கள். வெளியே மரத்தடியில் நின்று தமிழ் பேசும் கவுன்சிலர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். "ஊரு எதுண்ணே?" என்று கேட்டதற்கு, "இதுதான்" என்றார், பிறகு இரக்கப்பட்டதுபோல, "பெரியவங்க பரமக்குடிப் பக்கம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"உங்க ஊர்ல எம்.எல்.ஏ. இருக்காரு. கவுன்சிலர்கிட்ட முடியலைன்னா அவர்கிட்ட போறீங்க. எங்களுக்கு ஆரு இருக்கா? என்னைய விட்டா எம்.பி. ஒருத்தர்தான். அவரு டெல்லியில இருப்பாரு. அதனால கப்பல் டிக்கெட்டுக்கும் என்கிட்டத்தான் வர்றாங்க, ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில பெட்டு வேணும்னாலும் என்கிட்டத்தான் வர்றாங்க."

மெயின்லேண்டிலிருந்து போகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. அந்தமான் நிகோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. புதுச்சேரிக்கு உண்டு, டெல்லிக்கு உண்டு, இங்கே இல்லை. சிறைக் குடியேற்றமாக இருந்த 1858 முதல் இந்தத் தீவுகள் அதிகாரிகளால் ஆளப்பட்டவை. 1956-இல் யூனியன் பிரதேசம் ஆன பிறகும் தலைமை ஆணையர், 1982 முதல் துணைநிலை ஆளுநர். மக்களவை உறுப்பினரைக்கூட முதலில் நியமனம்தான் செய்தார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு முதல் எம்.பி.யாக கே.ஆர். கணேஷைத் தேர்ந்தெடுத்தது 1967-இல். அந்தமானுக்கான சட்டம் ஒன்று வேண்டுமென்றால் நாடாளுமன்றம் இயற்ற வேண்டும், அல்லது அரசமைப்பின் 240-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறையாக அறிவிக்க வேண்டும். நகராட்சியே அப்படி வந்ததுதான். 1957-இல் நகராட்சி வாரியம். 74-ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, 1994-இல் வந்த புது ஒழுங்குமுறையின்கீழ் இப்போதைய மன்றம்.

அந்தத் திருத்தம் அரசமைப்பில் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பணிகள் எழுதியிருக்கின்றன. நகரத் திட்டமிடலிலிருந்து இறைச்சிக் கூடம் வரைக்கும். தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கே அதில் எத்தனை முழுதாக வந்து சேர்ந்தன என்று கேட்டால் சண்டை வரும். இங்கே கேட்கவே வேண்டாம். 2016 மே மாதம் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இந்த நகரம் சேர்க்கப்பட்டபோது, மற்ற ஊர்களைப் போலவே அதற்கென்று தனி நிறுவனம் ஒன்று அமைத்தார்கள். ஓட்டு வாங்கி வந்தவர்கள் ஒரு கட்டடத்தில், ஊரை நவீனமாக்கும் பணம் இன்னொரு கட்டடத்தில். இதை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அணை, பணம், சட்டம், ஊரின் பெயர் நான்கும் மேலிருந்து வருகின்றன. மன்றத்துக்கு மிஞ்சுவது பங்கு பிரிக்கும் வேலை. பங்கு பிரிப்பவனுக்குத்தானே எல்லா ஊரிலும் ஏச்சு விழுகிறது.

ஆனாலும் அந்த நாற்காலிகளுக்குப் போட்டி குறைவாக இல்லை. 2022 மார்ச்சில் நடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பாதி இடம் கிடைக்கவில்லை. பா.ஜ.க.வும் காங்கிரஸும் கிட்டத்தட்டச் சமமாக நின்றன. இரண்டே இடம் பிடித்த தெலுங்கு தேசம் நடுவில் உட்கார்ந்தது. மறு ஆண்டு, 2023 மார்ச்சில், பா.ஜ.க. ஆதரவோடு அந்தக் கட்சியின் செல்வி சேர்பர்சன் ஆனார். பா.ஜ.க. தேசியத் தலைவர் ஜே.பி. நட்டா டெல்லியிலிருந்து வாழ்த்துச் சொன்னார். ஆந்திரத்தில் இரு கட்சிகளும் அப்போது சேர்ந்திருக்கவில்லை. கடல் நடுவில் ஒரு நகராட்சியில் சேர்ந்த கை, மறு ஆண்டு அமராவதியில் ஆட்சி வரை போனது. இந்த நகராட்சிதான் அதற்கு வழிகாட்டியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், பெருமையாக.

மறுபடி உள்ளே போனபோது குப்பைப் பொருள் ஓடிக்கொண்டிருந்தது. நகரத்தின் குப்பை புரூக்ஷாபாத் மேட்டுக்குப் போகிறது. தீவுகளின் பரப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. மிச்சத்தில்தான் வீடு, வயல், கடற்படை, விமான நிலையம், குப்பை எல்லாம். 2004 சுனாமியில் தெற்கு அந்தமானின் தரையே தாழ்ந்து, சிப்பிகாட்டில் நெல் விளைந்த நிலத்துக்குள் கடல் வந்து தங்கிவிட்டது. இருந்த நிலத்திலும் கொஞ்சம் போயிற்று. அதனால் குப்பைக்கு இன்னொரு இடம் என்ற பேச்சு எழுந்ததும் செயலாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக்கும் இரும்பும் கடல் தாண்டியாக வேண்டும். அரிசியும் வெங்காயமும் ஏறி வந்த கப்பல், திரும்பும்போது எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்று மெயின்லேண்டில் நாம் யோசித்திருக்க மாட்டோம்.

நாய்த் தொல்லையை ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். அபர்தீன் பஜாரில் நடைபாதைக் கடைகளை எங்கே ஒதுக்குவது என்பதற்கு ஒரு துணைக்குழு. எதையும் முடிவு செய்ய மனமில்லாதபோது உலகம் முழுக்க எடுக்கப்படும் முடிவு அது. சாப்பாட்டு நேரத்துக்குள் கூட்டம் கலைந்தது.

மதியம் தில்தாமன் குளத்தைப் பார்க்கப் போனேன். இப்போது அது காந்தி பூங்கா. குளத்தைச் சுற்றி நடைபாதை, குழந்தைகளுக்கு ஊஞ்சல், பக்கத்தில் ஜப்பானியர் விட்டுப்போன பதுங்கு குழி. 1942 முதல் 1945 வரை இந்தத் தீவுகள் ஜப்பான் வசம் இருந்தன. ஒரு காலத்தில் போர்ட் பிளேருக்குக் குடிநீர் தந்தது இந்தக் குளம் ஒன்றுதான். அதைப் பூங்காவாக மாற்ற 13 நாள்தான் ஆனது என்று சுற்றுலாத் துறை பெருமையாகச் சொல்கிறது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த குளத்தில் இன்று படகு விடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. குளம் மூடப்படாமல் இருப்பதே பெரிது. மதுரையிலும் சென்னையிலும் குளங்கள் என்ன ஆயின என்று தெரிந்த எனக்கு இந்தப் படகுகள்மேல் மரியாதைதான் வந்தது.

குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஊரின் புதுப் பெயரை நினைத்துக்கொண்டேன். அறிவிப்பில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இந்தத் தீவுகள் இருந்ததைச் சொல்லியிருந்தார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது, நிகோபார்தான் அது. ஆனால் ஸ்ரீ விஜயம் என்பது 1025-இல் அவன் படை அனுப்பி அடித்த நாடு. சோழரை நினைவுகூர்ந்த அறிவிப்பிலேயே, சோழனிடம் தோற்ற நாட்டை நினைவூட்டும் பெயரை ஊருக்கு வைத்திருக்கிறார்கள். போகட்டும். சோழரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் எனக்குத் தோன்றுவது வேறு. உத்திரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை எடுத்துத் தேர்ந்தெடுத்த ஊர்ச் சபைக்குள் ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்ததைச் சொல்கிறது. ஏரியை அந்த ஊரே பார்த்துக்கொண்டது. தனிக்காரி அணை விஷயத்தில் அந்தப் பத்தாம் நூற்றாண்டு உரிமை இந்த 24 பேருக்கு இன்னும் வரவில்லை.

காலையில் பேசிய அந்தப் பெண் கவுன்சிலர் சாயங்காலம் வார்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார், நானும் சேர்ந்துகொண்டேன். தார் சாலை ஓரிடத்தில் நின்றுவிட, அங்கிருந்து சிமெண்டுப் படிகள். இரண்டு பக்கமும் தகரக் கூரை வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி, நீல டிரம், பழைய பெயிண்ட் டப்பா, வரிசையாகக் குடங்கள். கூரை விளிம்பில் பாதி வெட்டிய பிவிசி குழாயைக் கட்டி, மழைநீரை டிரம்முக்கு விடும் ஏற்பாடு எல்லா வீட்டிலும் இருந்தது. எல்லா டிரம்மும் காய்ந்திருந்தன.

படிகள் தொடங்கும் இடத்தில் வால்வு திறப்பவரைப் பார்த்தோம். கூட்டத்தில் அவ்வளவு நேரம் பேசிய விஷயத்தின் கடைசிக் கண்ணி அவர்தான். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புச் சாவி, மேலே குறுக்குக் கம்பி, கீழே சதுர வாய். தரையில் இருந்த சின்ன இரும்பு மூடியைக் காலால் தள்ளி, சாவியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் சுற்றுகிறார். எத்தனை சுற்று என்பது அவர் மனக்கணக்கு. முழுதாகத் திறந்தால் கீழே குழாய் வெடிக்கும், குறைத்தால் மேலே ஏறாது. சட்டைப் பையில் ஒரு நோட்டு. தெருப் பெயர், நேரம், கையெழுத்து. அந்த வேலைக்கு அவர் வந்தபோது இந்தப் படிகளே இல்லை என்றார், பாதி வீடுகளும் இல்லை. குழாய் மட்டும் அப்போது போட்டதுதான்.

கவுன்சிலரைப் பார்த்ததும் மேலிருந்தும் கீழிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர் படியில் நின்றபடியே முடிவைச் சொன்னார்: இனிமேல் மேல் தெருவுக்குத் தனி முறை, கீழே மூடிவிட்டுத் திறப்பார்கள், பகலில்.

கீழ்த் தெருவிலிருந்து வந்தவர் ஒருவர் உடனே கேட்டார்: "அப்ப எங்களுக்கு நேரம் குறையுமா?"

"குறையாது. தனித்தனியா வரும்."

"வர்ற தண்ணி அதேதானே மேடம். தனித்தனியா விட்டா எப்படிக் குறையாது?"

கேள்வி நியாயமானதுதான். கவுன்சிலர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், மோட்டார் போடுகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தார். கேட்டவர் சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

மேல் தெருப் பெண் ஒருவர் இடுப்பில் குழந்தையோடு வால்வுக்காரரிடம் திரும்பினார். "எத்தனை மணிக்குண்ணே திறப்பீங்க?"

அவர் சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஜே.இ. எழுதிக் கொடுத்தால் திறப்பேன் என்று இந்தியில் சொன்னார். கவுன்சிலர் கைப்பேசியை எடுத்து ஜூனியர் இன்ஜினீயரைக் கூப்பிட்டார். மலைச் சரிவில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. இரண்டு படி மேலே ஏறி நின்று பேசினார். நாளைக்குக் காலையில் எழுத்தில் தருகிறார்களாம்.

"நாளைக்கு எங்க முறையே இல்லையேக்கா" என்றார் குழந்தையோடு நின்றவர். "எங்களுக்கு வியாழக்கிழமைதானே?"

"அப்ப வியாழக்கிழமையிலேருந்து."

"வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருங்கக்கா. வாயால சொன்னா கீழ்த் தெருக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

கவுன்சிலர் அங்கேயே நின்று தட்டச்சு செய்தார். முதலில் இந்தியில், பிறகு தமிழில், தெலுங்குக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டார். அவன் எழுதி முடிப்பதற்குள், கீழ்த் தெருவிலிருந்து குரூப்பில் முதல் கேள்வி வந்துவிட்டது: வியாழக்கிழமை சரி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?